கல்லீரல் புற்றுநோயில் நீள் ஆர்.என்.ஏ.க்களின் பங்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லீரல் புற்றுநோய் வந்தவர்களின் வீட்டாரும் உயிர்த்தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். முன்பகுதி எல்லோருக்கும் புரியும். நடுவில் சில கேள்விகள் ஆய்வுக்கூடப் பக்கம் சாய்கின்றன. பரிசோதனை, மருந்து பற்றி மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள் அங்கே நேரடியாகப் போய்விடலாம்.

"லாங் நான்-கோடிங் ஆர்.என்.ஏ.ன்னா என்ன சார்? பிளஸ் டூவுல படிச்ச அதே ஆர்.என்.ஏ.தானா?"

வேதிப்பொருள் அதேதான், வேலை வேறு. பாடப்புத்தகத்தில் முதலில் வருவது தூது ஆர்.என்.ஏ. டி.என்.ஏ.விலிருந்து படியெடுத்த செய்தியை ரைபோசோமுக்குக் கொண்டுபோய்ப் புரதம் செய்யவைப்பது அது. ஆனால் நம் டி.என்.ஏ.வில் புரதத்துக்கான குறியீடு 2 சதவீதத்துக்கும் குறைவு. மீதியிலும் பெரும்பகுதி ஏதாவது ஒரு செல்லில், ஏதாவது ஒரு கட்டத்தில் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது. அப்படி வருபவற்றில் புரதம் செய்யாத, 200 நியூக்ளியோடைடுகளுக்கு மேல் நீளமுள்ளவற்றுக்குத்தான் இந்தப் பெயர். இங்கே சுருக்கமாக நீள் ஆர்.என்.ஏ. என்று எழுதுகிறேன்.

200 என்பது வசதிக்காக வைத்துக்கொண்ட எல்லைதான். 2023இல் இத்துறையின் முக்கிய ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து, அதை 500 ஆக உயர்த்தலாம் என்று பரிந்துரைத்தார்கள். எந்த எல்லையை எடுத்தாலும் இவை மனித மரபணுத்தொகுதியில் பல்லாயிரக்கணக்கில் உண்டு. என்ன வேலை செய்கின்றன என்று உறுதியாகத் தெரிந்தவை அதில் சிறு பங்குதான்.

"புரதமே செய்யாதுன்னா அதுக்கு உடம்புல என்ன வேலை?"

பல வேலைகள். மறுக்கவே முடியாத உதாரணம் எக்ஸிஸ்ட் என்ற நீள் ஆர்.என்.ஏ. பெண்களின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை முழுக்கப் போர்த்தி, அதன் பெரும்பாலான மரபணுக்களை அடக்கிவைப்பது எக்ஸிஸ்ட்தான். ஒரு புரதமும் செய்யாத மூலக்கூறு ஒரு முழுக் குரோமோசோமையே மௌனமாக்குகிறது.

கல்லீரல் புற்றுநோயில் பேசப்படுபவை பெரும்பாலும் மூன்று வழிகளில் இயங்குகின்றன. உட்கருவில் இருப்பவை, மரபணுக்களைத் திறக்கும் அல்லது பூட்டும் புரதக் கூட்டங்களை உரிய இடத்துக்கு அழைத்துப்போகின்றன. கட்டிட வேலையில் மேஸ்திரி தன் கையால் சுவர் எழுப்புவதில்லை, எந்த ஆள் எங்கே நிற்கவேண்டும் என்று காட்டுகிறார், அதுபோல. செல்லின் சைட்டோபிளாசத்தில் இருப்பவற்றில் சில, தூது ஆர்.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு அது சிதையாமல் காக்கின்றன, அல்லது சீக்கிரம் சிதையவைக்கின்றன. மூன்றாவது வழி, தூது ஆர்.என்.ஏ.க்களை அடக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ. எனப்படும் குட்டி ஆர்.என்.ஏ.க்களைப் பிடித்துவைத்துக்கொள்வது. அதைத்தான் 'ஸ்பாஞ்ச்' என்கிறார்கள். அதைப் பற்றிக் கீழே தனிக் கேள்வியே இருக்கிறது.

"கல்லீரல் புற்றுநோய்னு நீங்க சொல்றது எது? குடல்ல இருந்து ஈரலுக்குப் பரவுறதும் அதுதானா?"

இல்லை. இந்தப் பக்கம் முழுவதும் ஈரல் செல்லிலேயே தொடங்கும் ஹெபடோசெல்லுலார் கார்சினோமாவைப் பற்றியது. மருத்துவமனையில் எச்.சி.சி. என்பார்கள். கல்லீரலில் தோன்றும் புற்றுநோய்களில் நான்கில் மூன்றுக்கு மேல் இதுதான். கல்லீரல் புற்றுநோயால் உலகில் ஆண்டுக்கு ஏழரை லட்சம் பேர் அளவுக்கு இறக்கிறார்கள்.

ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, மது, கொழுப்பு ஈரல், பூஞ்சை பிடித்த நிலக்கடலை, சோளம் போன்றவற்றில் வரும் அஃப்ளடாக்சின் நஞ்சு ஆகியவையே முக்கியக் காரணங்கள். பெரும்பாலானவர்களுக்கு முதலில் ஈரல் வருடக்கணக்கில் புண்பட்டு, தழும்பேறி சிரோசிஸ் ஆகிறது. அதன்மேல்தான் கட்டி முளைக்கிறது. ஹெபடைடிஸ் பி சிரோசிஸ் இல்லாமலேயும் கட்டியை உண்டாக்கக்கூடியது.

"ஈரலுக்கும் நீள் ஆர்.என்.ஏ.வுக்கும் தொடர்பு இருக்குன்னு எப்படித் தெரிஞ்சது?"

எனக்கு மிகவும் பிடித்த கதை இது. ஈரல் புற்றுநோய்க்கு எடுக்கும் ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் என்ற அந்தப் புரதத்தைக் கருவிலிருக்கும் குழந்தையின் ஈரல் ஏராளமாகச் செய்கிறது. பிறந்த பிறகு நிறுத்திவிடுகிறது. பெரியவருக்கு ஈரலில் புற்றுநோய் வந்தால், பல சமயம் மறுபடி செய்யத் தொடங்குகிறது. எலிகளில் ஒரு வகைக்கு மட்டும் வளர்ந்த பிறகும் ஏ.எஃப்.பி. முழுசாக அடங்குவதில்லை. ஏன் என்று தேடினார் அமெரிக்காவில் ஷெர்லி டில்மன். ஏ.எஃப்.பி.யை அடக்கும் அதே கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட இன்னொரு மரபணுவும் 1984இல் அவர் குழுவிடம் சிக்கியது. அதுதான் எச்19.

எச்19 தாராளமாக ஆர்.என்.ஏ. தருகிறது, ஆனால் அதிலிருந்து புரதம் எதையும் காணவில்லை. அந்த ஆர்.என்.ஏ.வே வேலை செய்யும் பொருளாக இருக்கலாம் என்று 1990இல் எழுதினார்கள். அடுத்த ஆண்டே இன்னொன்றும் தெரிந்தது. எச்19 தாயிடமிருந்து வந்த பிரதியில் மட்டும் இயங்குகிறது. பக்கத்திலேயே இருக்கும் ஐ.ஜி.எஃப்.2 என்ற வளர்ச்சி மரபணு, தந்தையின் பிரதியில் மட்டும் இயங்குகிறது. ஏ.எஃப்.பி. போலவே எச்19உம் கருவில் உச்சத்தில் இருந்து, பிறந்தபின் அடங்கி, பல ஈரல் கட்டிகளில் திரும்ப வருகிறது. புற்று செல் தன் கருக்காலத்துப் பழக்கங்களுக்குத் திரும்புகிறது என்பதற்கு இவ்வளவு தெளிவான சான்றுகள் அதிகம் இல்லை.

"ஹல்க்னு ஒண்ணு இருக்காமே? அது ஈரலுக்கு மட்டும் உள்ளதா?"

கிட்டத்தட்ட. 2007இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகர ஆய்வாளர்கள், ஈரல் புற்றுத் திசுவையும் புற்றில்லாத ஈரல் திசுவையும் ஒப்பிட்டபோது மிக அதிகமாக உயர்ந்திருந்தது இந்த நீள் ஆர்.என்.ஏ.தான். ஆறாவது குரோமோசோமில் இருக்கிறது, படியெடுத்ததில் வேண்டாத பகுதிகளை செல் வெட்டி ஒட்டிய பின் நீளம் 500 நியூக்ளியோடைடு அளவுதான். நோயாளிகளின் ரத்தத்திலும் இதைக் கண்டார்கள். பரிசோதனையாக மாற்றலாம் என்ற நம்பிக்கை அங்கேதான் பிறந்தது. ஆனால் பெருங்குடலிலிருந்து ஈரலுக்குப் பரவிய கட்டிகளிலும் ஹல்க் இருப்பது பிறகு தெரியவந்தது. அதனால் 'ஈரல் புற்றின் அடையாளம்' என்று ஒரே வரியில் முடிக்க முடியாது.

"ஹெபடைடிஸ் பி வைரஸ் இதுல எங்க வருது?"

இரண்டு இடங்களில் தெளிவாக வருகிறது. வைரஸ் செய்யும் எக்ஸ் என்ற புரதம், ஈரல் செல்லின் சொந்தக் கட்டுப்பாட்டுப் புரதம் ஒன்றைப் பிடித்து ஹல்க்கின் உற்பத்தியை ஏற்றிவிடுகிறது. ஏறிய ஹல்க், செல் பிரிவதைத் தடுக்கும் பி18 என்ற பக்கத்து மரபணுவைக் குறைக்கிறது. 2012இல் வந்த கண்டுபிடிப்பு இது.

இன்னொன்று எனக்குப் படிக்கும்போதே உடம்பு சிலிர்த்தது. ஹெபடைடிஸ் பி வைரஸ் தன் டி.என்.ஏ. துண்டை மனித டி.என்.ஏ.வுக்குள் செருகிவிடும். அப்படிச் செருகிய இடத்தில், வைரஸின் எக்ஸ் மரபணுவும் நம் டி.என்.ஏ.வில் பரவிக்கிடக்கும் லைன்-1 என்ற பழைய தொடரும் ஒட்டி, பாதி வைரஸ் பாதி மனிதன் என ஒரு ஆர்.என்.ஏ. உருவாகிறது. ஹாங்காங் ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஹெபடைடிஸ் பி சார்ந்த கட்டிகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றில் இது இருந்தது. இது புரதமாக அல்ல, நீள் ஆர்.என்.ஏ.வாகவே இயங்கிக் கட்டியை வளர்க்கிறது என்று காட்டினார்கள்.

"கட்டி ஒரு இடத்துல இருந்து பரவுறதுக்கும் இது காரணமா?"

காரணங்களில் ஒன்று. நன்றாக ஆராயப்பட்ட ஒன்றை மட்டும் சொல்கிறேன். டி.ஜி.எஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதம், தழும்பேறிய ஈரலில் எப்போதும் மிகுதி. அதனால் தூண்டப்படும் நீள் ஆர்.என்.ஏ. ஒன்றை ஷாங்காய் ஆய்வாளர்கள் 2014இல் விவரித்து, ஏ.டி.பி. என்று பெயர் வைத்தார்கள்.

ஈரல் செல்கள் ஈ-கேடெரின் என்ற புரதத்தால் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கின்றன. அதன் உற்பத்தியை அடக்கக்கூடிய செப்1, செப்2 என்ற இரண்டு புரதங்களை மைக்ரோ ஆர்.என்.ஏ.-200 குடும்பம் அடக்கிவைத்திருக்கிறது. ஏ.டி.பி. வந்து அந்தக் குடும்பத்தைப் பிடித்துக்கொண்டால் செப் புரதங்கள் தலைதூக்கும், ஈ-கேடெரின் குறையும், செல் பிடி விட்டு ஊரத் தொடங்கும். ரத்தக்குழாய்க்குள் போகும் கட்டம் இது. ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் வேர்பிடிக்க ஏ.டி.பி. வேறு வழியில் உதவுகிறது. இன்டர்லூக்கின்-11 என்ற சமிக்ஞைப் புரதத்தின் தூது ஆர்.என்.ஏ.வைச் சிதையாமல் காத்து, செல் பிழைப்பதற்கான சமிக்ஞையை ஏற்றுகிறது. ஒரே மூலக்கூறு, பயணத்தின் இரண்டு கட்டங்களில் இரண்டு வேலை.

"ஆபரேஷன், மாற்று ஈரல் எல்லாம் பண்ணியும் திரும்ப வருதே. அதை முன்கூட்டியே சொல்லுமா?"

அந்த நோக்கில் ஆய்வுகள் உண்டு. ஹோட்டேர் என்ற நீள் ஆர்.என்.ஏ. கட்டியில் அதிகமாக இருந்தவர்களுக்கு, ஈரல் மாற்று அறுவைக்குப் பின் புற்று திரும்பும் வாய்ப்பு கூடுதல் என்று 2011இல் சீன ஆய்வு ஒன்று காட்டியது. மறு ஆண்டு மலாட்1 என்ற இன்னொரு நீள் ஆர்.என்.ஏ. பற்றியும் அதேபோன்ற முடிவு வந்தது. ஆனால் இவை குறைந்த நோயாளிகளை வைத்துச் செய்தவை. மாற்று ஈரலுக்குத் தகுதி பார்க்கும்போது இன்றும் கட்டியின் அளவு, எண்ணிக்கை, ரத்தக்குழாயில் புகுந்திருக்கிறதா, ஏ.எஃப்.பி. எவ்வளவு என்பவைதான் முக்கியம்.

"இந்த நீள் ஆர்.என்.ஏ. எல்லாமே கெட்டதுதானா?"

இல்லவே இல்லை. மெக்3 என்பது கட்டியை அடக்குவது. ஈரல் புற்று செல்களில் அதன் கட்டுப்பாட்டுப் பகுதியில் மீத்தைல் குறிகள் ஏறி, அது மௌனமாகிவிடுகிறது. புற்று செல்களில் அதைத் திரும்பக் கொடுத்தால் வளர்ச்சி குறைகிறது.

மேலே சொன்ன எச்19ஐயே எடுங்கள். கட்டிகளில் உயர்கிறது என்ற ஆய்வுகளோடு, கட்டியின் உள்ளே சுற்றுத்திசுவைவிடக் குறைந்திருந்தால் நோயின் போக்கு மோசம் என்ற ஆய்வும் இருக்கிறது. நோய் எந்தக் காரணத்தால் வந்தது, எந்தக் கட்டத்தில் பார்த்தோம், எதோடு ஒப்பிட்டோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. எச்19 நல்லதா கெட்டதா என்று யாராவது ஒரே சொல்லில் பதில் சொன்னால் அவசரப்பட்டு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

"எந்தப் பேப்பரைத் திறந்தாலும் 'ஸ்பாஞ்ச்', 'ஆக்ஸிஸ்'னு போட்டிருக்கு. எல்லாத்தையும் நம்பலாமா?"

நம்பக்கூடாது. ஒரு நீள் ஆர்.என்.ஏ., ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ., ஒரு புரதம் என மூன்று பெயரைக் கோத்து வரும் கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஸ்பாஞ்ச் கருத்தைப் பொதுவிதியாக 2011இல் முன்வைத்தார்கள். 2014இல் டென்ஸ்லர், ஸ்டோஃபல், பார்ட்டல் முதலானோர் ஈரல் செல்களிலேயே கணக்குப் பார்த்தார்கள். ஈரலில் மிக அதிகமாக இருக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ.-122ஐ எடுத்துக்கொண்டு, அது ஒட்டக்கூடிய இடங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். ஒரு செல்லுக்கு ஒன்றரை லட்சம் இடங்களுக்கு மேல் சேர்த்த பிறகுதான் மற்ற மரபணுக்களில் மாற்றம் தெரிந்தது. பல நீள் ஆர்.என்.ஏ.க்கள் ஒரு செல்லுக்குச் சில பிரதிகள் மட்டுமே இருப்பவை. அவை எத்தனை மைக்ரோ ஆர்.என்.ஏ.வைப் பிடிக்க முடியும்?

இது மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கு மைக்ரோ ஆர்.என்.ஏ. வேறுபடும். அளவில் குறைந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கும் ஏராளமாக இருக்கும் நீள் ஆர்.என்.ஏ.வுக்கும் இடையே அப்படி நடக்க வாய்ப்பு உண்டு. ஏ.டி.பி. பற்றி மேலே சொன்னதையும் இந்தக் கண்ணோடு படியுங்கள். அதில் இன்டர்லூக்கின்-11 பகுதி மைக்ரோ ஆர்.என்.ஏ.வை நம்பி நிற்பதில்லை. எண்ணிக்கை சொல்லாத ஸ்பாஞ்ச் கட்டுரையை நான் ஒதுக்கிவைத்துவிடுவேன்.

"கட்டியில அதிகமா இருக்குன்னா, அதுதானே காரணம்?"

அதிகமாக இருப்பது வேறு, காரணமாக இருப்பது வேறு. மலாட்1 நம் செல்களில் மிக ஏராளமாக இருக்கும் நீள் ஆர்.என்.ஏ.க்களில் ஒன்று. அது இல்லாமல் வாழவே முடியாது என்று எதிர்பார்த்தார்கள். 2012இல் மூன்று குழுக்கள் தனித்தனியே அதை எலியிலிருந்து நீக்கினார்கள். எலிகள் சாதாரணமாகப் பிறந்து வளர்ந்தன. ஜப்பானில் 300 ஈரல் புற்றுகளின் முழு மரபணுத்தொகுதியைப் படித்து 2016இல் வெளியிட்டபோது, மலாட்1லும் நீட்1 என்ற இன்னொரு நீள் ஆர்.என்.ஏ.விலும் மரபணுப் பிறழ்வுகள் அடிக்கடி தென்பட்டன. அவை புற்றை உண்டாக்கியவையா, ஓயாமல் படியெடுக்கப்படும் இடம் என்பதால் தற்செயலாகச் சேதமானவையா என்ற விவாதம் அதன்பின் எழுந்தது. இரண்டாவதற்குத்தான் வலு அதிகம் என்பது என் கணிப்பு.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஏராளமான கட்டுரைகளில் 'சாதாரண ஈரல் செல்' என்று ஒப்பீட்டுக்கு வைக்கும் எல்-02 உண்மையில் ஈரல் செல்லே அல்ல. அது 1951இல் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து வளர்த்த ஹீலா செல், எப்போதோ கலந்துபோனது. 'ஈரல் புற்று' என்று விற்கப்பட்ட பெல்-7402, எஸ்.எம்.எம்.சி.-7721 ஆகியவையும் அப்படியே. ஹெப்-ஜி2கூட பெரியவர்களின் எச்.சி.சி. அல்ல, குழந்தைகளுக்கு வரும் ஹெபடோபிளாஸ்டோமா வகை. ஹீலாவையும் ஹீலாவையும் ஒப்பிட்டு ஈரலைப் பற்றி முடிவு எழுதிய கட்டுரைகளுக்குப் பின்னால் ஆய்வு நிதியும் மாணவர்களின் உழைப்பும் போயிருக்கின்றன. இதை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

"அப்பாவுக்கு இந்த ஆர்.என்.ஏ. டெஸ்ட் எடுக்கணும். எந்த லேப்ல எடுப்பாங்க?"

ஈரல் புற்றுக்கு அங்கீகரிக்கப்பட்ட நீள் ஆர்.என்.ஏ. பரிசோதனை இல்லை. யாராவது எடுத்துத் தருகிறேன் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். நீள் ஆர்.என்.ஏ.வை வைத்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஒப்புதல் பெற்ற பரிசோதனை ஒன்று உண்டு. 2012இல் வந்த பி.சி.ஏ.3 என்ற அது, புராஸ்டேட் புற்றுக்கான சிறுநீர்ப் பரிசோதனை.

அப்பாவுக்குச் சிரோசிஸ் இருந்தால் செய்யவேண்டியது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட், கூடவே ஏ.எஃப்.பி. ஏ.எஃப்.பி. சரியாக இருக்கிறது என்று ஸ்கேனை விட்டுவிடாதீர்கள். கணிசமானவர்களுக்குக் கட்டி இருந்தும் அது ஏறுவதில்லை. சந்தேகம் வந்தால் சாயம் செலுத்தி எடுக்கும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ.தான் அடுத்த படி. சிறிய கட்டியாகக் கண்டுபிடித்தால் அறுவை, சூடேற்றி அழித்தல், மாற்று ஈரல் என்று குணமாக்கும் வழிகள் திறந்திருக்கும். வலி வந்த பிறகு போனால் பெரும்பாலும் அவை மூடிவிடுகின்றன.

"இதைக் குறிவெச்சு மருந்து வந்திருக்கா?"

ஈரல் புற்றுக்கு இல்லை. இன்று முற்றிய நிலையில் தருபவை 2007இல் வந்த சோராஃபெனிப், பின்பு வந்த லென்வாடினிப், 2020 முதல் அட்டிசோலிசுமாபும் பெவாசிசுமாபும் சேர்ந்த நோயெதிர்ப்புச் சிகிச்சை போன்றவை. எதுவும் நீள் ஆர்.என்.ஏ.வைக் குறிவைப்பதல்ல.

ஆனால் உறுப்புகளில் ஆர்.என்.ஏ. மருந்துகளுக்கு மிகத் தோதானது ஈரல்தான். கால்நாக் என்ற சர்க்கரைக் கொத்தை மருந்தோடு இணைத்தால் ஈரல் செல்லின் மேலிருக்கும் ஏற்பி அதைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். போர்ஃபிரியா நோய்க்கு 2019இல் ஒப்புதல் பெற்ற கிவோசிரான் அப்படி வேலை செய்வதுதான். சிக்கல் என்னவென்றால், மோசமாக மாறிய புற்று செல்கள் பல சமயம் அந்த ஏற்பியைக் குறைத்துவிடுகின்றன. மருந்து நல்ல செல்லுக்குள் போகும், கெட்ட செல்லுக்குள் போகாது. மைக்ரோ ஆர்.என்.ஏ.-34ஐ மருந்தாக்கி ஈரல் புற்று நோயாளிகளையும் சேர்த்து நடந்த சோதனை, கடுமையான நோயெதிர்ப்புப் பக்கவிளைவுகளால் 2016இல் நிறுத்தப்பட்டது. எச்19 இயங்கும் செல்லில் மட்டும் டிப்தீரியா நஞ்சு உருவாகும்படி ஜெருசலேமில் வடிவமைத்த டி.என்.ஏ. மருந்து, சிறுநீர்ப்பை முதலிய வேறு புற்றுகளில் சோதிக்கப்பட்டது. அந்த யோசனை அழகானது, இன்னும் வழக்கச் சிகிச்சை ஆகவில்லை.

"மஞ்சளும் கீழாநெல்லியும் இந்த ஆர்.என்.ஏ.வைக் குறைக்கும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?"

தட்டில் வளரும் செல்லின் மேல் குர்குமினை ஊற்றினால் பல ஆர்.என்.ஏ.க்களின் அளவு மாறத்தான் செய்யும். வாய்வழி உண்ணும் குர்குமின் ரத்தத்தில் சேர்வதோ மிகக் குறைவு. சாம்பாரில் போடும் மஞ்சளுக்குப் பயப்பட வேண்டாம். மிளகுச் சத்தோடு சேர்த்து விற்கும் அடர்த்தியான மஞ்சள் மாத்திரைகளால் ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே ஈரல் நோய் உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் அவற்றைத் தொடவேண்டாம்.

கீழாநெல்லிக்குச் சென்னையிலேயே தொடங்கும் வரலாறு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்த பிளம்பர்க்குடன் சேர்ந்து 1988இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், கீழாநெல்லி எடுத்தவர்களில் 59 சதவீதம் பேரிடம் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பின்பு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்தபோது அந்தப் பலன் வரவில்லை. வைரஸை அடக்க இன்று டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் இருக்கின்றன. அவை புற்று வரும் வாய்ப்பையும் குறைக்கின்றன. அவற்றை நிறுத்திவிட்டுக் கீழாநெல்லிக்கு மாறுவது ஆபத்து.

"அப்பாவுக்கு வந்ததால எனக்கும் இந்த ஆர்.என்.ஏ. வழியா வருமா?"

கட்டியில் ஏறும் ஹல்க்கோ ஏ.டி.பி.யோ அந்தக் கட்டிக்குள் நடக்கும் மாற்றம். அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வருவதில்லை. வீட்டுக்குள் பரவக்கூடியது ஹெபடைடிஸ் பி வைரஸ். அப்பாவுக்கு அது இருந்தால் வீட்டில் எல்லோரும் எச்.பி.எஸ்.ஏஜி. ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். பிறக்கும் குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் முதல் தவணை போடவேண்டும்.

தைவான் 1984இல் குழந்தைகளுக்குத் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. 6 முதல் 14 வயதுக் குழந்தைகளில் லட்சத்துக்கு 0.70 ஆக இருந்த ஈரல் புற்று, 1990-94இல் 0.36 ஆனது. இந்தப் பக்கத்தில் சொன்ன எந்த ஆர்.என்.ஏ. ஆய்வும் இதுவரை இத்தனை குழந்தைகளைக் காப்பாற்றவில்லை.

"எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு ஒரு நீள் ஆர்.என்.ஏ. எடுக்கணும். எப்படித் தொடங்குறது?"

முதலில் உங்கள் செல்லை, அது எந்தச் செல் என்று டி.என்.ஏ.வை வைத்து அடையாளம் காட்டும் எஸ்.டி.ஆர். சோதனைக்கு அனுப்புங்கள். ஹீலா என்று வந்தால் அன்றைக்கே தூக்கிப்போடுங்கள். பிறகு நீங்கள் எடுத்த ஆர்.என்.ஏ. ஒரு செல்லுக்கு எத்தனை பிரதி, உட்கருவிலா வெளியிலா என்று பாருங்கள். உட்கருவில் இருப்பதைக் குறைக்க, எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. என்ற இரட்டை இழைக் குட்டி ஆர்.என்.ஏ.வைவிட, இலக்கோடு ஒட்டும் ஒற்றை இழைத் துண்டான ஆன்டிசென்ஸ் ஆலிகோ நன்றாக வேலை செய்யும். ஒரே ஆலிகோவை நம்பாமல், வேறுவேறு இடத்தில் ஒட்டும் இரண்டையாவது வையுங்கள்.

கிரிஸ்பர் என்ற டி.என்.ஏ. வெட்டும் கருவியால் மரபணுவையே வெட்டினால், பக்கத்து மரபணுவின் கட்டுப்பாட்டுப் பகுதியும் கூடவே போயிருக்கலாம். எச்19க்கும் ஐ.ஜி.எஃப்.2க்கும் இடையே அப்படித்தான், இரண்டும் ஒரே தூண்டிப் பகுதிகளைப் பங்குபோடுகின்றன. அதனால் வெட்டிய செல்லில் அதே ஆர்.என்.ஏ.வைத் தனியாகச் செலுத்திப் பாருங்கள். செல் பழைய நிலைக்குத் திரும்பினால் வேலை செய்தது ஆர்.என்.ஏ. திரும்பாவிட்டால் அந்த டி.என்.ஏ. இடம்தான் முக்கியமாக இருந்திருக்கலாம்.